தலைப்பாகையோடு போனது

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது நம் நாட்டுப் பழமொழி. பெருந்துன்பம் ஒன்று நேர இருந்து, சிறு நட்டத்தோடு விலகிப் போகும்போது, நாம் ஆறுதலாக இதைச் சொல்லிக்கொள்கிறோம். ஓங்கிய வாள் தலையைத் தொடவில்லை. தலைப்பாகையை மட்டும் கொண்டு போயிற்று. எவ்வளவு அழகான சொல்! இதைச் சொல்லாத பாட்டியோ, கேளாத பேரனோ தமிழ்நாட்டில் இருக்க இயலாது.

ஆனால் இப்பழமொழியைச் சொல்லி முடித்த பிறகு நாம் என்ன செய்கிறோம்? பெருமூச்சு விடுகிறோம். கடவுளுக்கு நன்றி செலுத்துகிறோம். வீட்டிலுள்ள முதியவர்கள் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்கள். மறுநாள் மறந்துவிடுகிறோம். அந்த வாள் எங்கிருந்து வந்தது, அது மீண்டும் உறைக்குள் போய்விட்டதா, அல்லது இன்னும் ஓங்கியபடியே இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? இந்த ஒரு வினாவைத்தான் மாணவ நண்பர்களோடு இன்று சிறிது ஆராய விரும்புகிறேன்.

உயிர் தப்பிய கதை என்றவுடன் போர்க்களமும், புயலில் சிக்கிய கப்பலும், காட்டில் எதிர்ப்பட்ட புலியும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. உண்மையில் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை ஒட்டி, சிட்லபாக்கம் என்றோர் ஊர் இருக்கிறது. முன்பு ஏரியும் வயலுமாக விளங்கியது. இன்று வீடுகள் நெருங்கிய குடியிருப்பு. 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. ஊருக்கு மேற்கே இருப்புப்பாதை செல்கிறது. அதற்கு அப்பால், சென்னையையும் தென்மாவட்டங்களையும் இணைக்கும் பெருஞ்சாலை. கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் செல்வோர் குரோம்பேட்டை நிலையத்தையோ, தாம்பரம் சானடோரியம் நிலையத்தையோ, அல்லது அந்தப் பெருஞ்சாலையையோ நாடியே தீர வேண்டும். ஊருக்குள் வீட்டுக்கு வீடு நீரிறைக்கும் மின்மோட்டார். மழைக்காலம் வந்தால் தெருவிலே தண்ணீர். இவற்றில் புதுமை ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் எந்தப் புறநகருக்கும் பொருந்தும் வருணனைதான் இது. ஆகவேதான் இவ்வூரை எடுத்துக்கொண்டேன். நாள்தோறும் நடப்பதே நம் பேச்சின் பொருள்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். விபத்து என்பது ஒன்று, தப்பித்தல் என்பது அதற்கு நேர்மாறான வேறொன்று என்று நாம் எண்ணுகிறோம். அவ்வாறன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒரே விதையிலிருந்து முளைத்த இரு செடிகள் அவை. வேறுபாடு எதில் இருக்கிறது? இடையிலே எஞ்சிய ஒரு சிறு மிச்சத்தில் இருக்கிறது. அந்த மிச்சம் ஒரு விநாடியாக இருக்கலாம். ஒரு சாண் இடைவெளியாக இருக்கலாம். காலில் கிடந்த ஒரு செருப்பாகவும் இருக்கலாம். மிச்சம் இருந்தால் தப்பித்தோம் என்கிறோம். இல்லாவிட்டால் விபத்து என்கிறோம். மூன்று எடுத்துக்காட்டுகளால் இதை விளக்குவேன்.

இருப்புப்பாதையை முதலில் எடுத்துக்கொள்வோம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. நீராவி வண்டிக்குப் புகையும் இரைச்சலும் முன்னறிவிப்பாக இருந்தன. மின்ரயிலோ ஓசை குறைந்தது, வேகம் மிக்கது. நடைமேம்பாலம் ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, தண்டவாளத்தின் குறுக்கே நடந்துவிடுவோர் இன்றும் உண்டு. "வண்டி தொலைவில்தானே வருகிறது?" என்பது அவர்கள் கூறும் நியாயம். இந்த நியாயத்தைக் கணக்கால் சோதித்துப் பார்ப்போம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் முன்னேறுகிறது. 400 மீட்டர் தொலைவில் அதை நாம் காண்பதாக வைத்துக்கொள்வோம். அது 200 மீட்டர் தொலைவுக்கு வர 12 விநாடி ஆகும். அந்த 12 விநாடியில் நம் கண்ணுக்கு அதன் உருவம் இரண்டு மடங்கு பெரிதாகும், அவ்வளவே. சிறு புள்ளி சற்றே பெரிய புள்ளியாகிறது. ஆதலால் வண்டி மெதுவாக ஊர்ந்து வருவது போலத் தோன்றும். பின்பு 200 மீட்டர் 100 ஆவதற்கு 6 விநாடி. 100 மீட்டர் 50 ஆவதற்கு 3 விநாடி. 50 மீட்டர் 25 ஆவதற்கு ஒன்றரை விநாடி. ஒவ்வொரு முறையும் உருவம் இரட்டிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்கான நேரம் பாதியாகிறது. ஊர்ந்து வந்தது போலிருந்த வண்டி கடைசி நொடிகளில் திடீரெனப் பூதம்போல் வளர்ந்து நிற்பதன் காரணம் இதுதான். வண்டி தன் வேகத்தை மாற்றவில்லை. நம் கண்தான் அந்த வேகத்தைக் காலந்தாழ்ந்து அறிந்தது. இது போதாதென்று, பருத்த பொருள் விரைவாக வரினும் மெதுவாக வருவது போலவே கண்ணுக்குத் தோன்றுகிறது என்று பார்வையை ஆராய்ந்த உளவியல் அறிஞர்கள் கூறுகிறார்கள்.

அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.676 மீட்டர். வண்டியின் உடல் தண்டவாளத்துக்கு வெளியேயும் நீண்டிருப்பதால், ஒரு பாதையைப் பாதுகாப்பாகக் கடக்க ஐந்து மீட்டராவது நடக்க வேண்டும். சாதாரண நடையில் அதற்கு நான்கு விநாடி. அதற்குள் வண்டி கிட்டத்தட்ட 67 மீட்டர் வந்துவிடும். ஓட்டுநர் கண்டவுடன் நிறுத்திவிட மாட்டாரா என்றால், அது அவர் கையில் இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருள்கிறது. பற்று மிகக் குறைவு. மின்ரயில் முழுவதும் நிற்க நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். பல பெட்டிகள் கொண்ட விரைவு ரயிலுக்கு அதைவிடப் பன்மடங்கு வேண்டும். மேலும் இவ்வழியில் பாதைகள் பல. ஒரு வண்டி கடந்து சென்றதும் நாம் அடி எடுத்து வைக்கிறோம். அதன் இரைச்சலிலே எதிர்த்திசையிலிருந்து மற்றொரு பாதையில் வரும் வண்டியின் ஓசை அமிழ்ந்துவிடுகிறது. அதன் உடல் மற்றதை மறைத்தும் விடுகிறது.

இத்தனைக்கும் நடுவே ஒருவர் நாள்தோறும் தண்டவாளத்தைக் கடந்து, பத்து ஆண்டுகள் நலமாக இருக்கிறார் என்றால் அதன் பொருள் என்ன? அவர் திறமைசாலி என்பதா? ஒவ்வொரு நாளும் ஒரு சிறு மிச்சம் அவரைக் காப்பாற்றியது என்பதுதான் பொருள்.

மிச்சம் எவ்வளவு எளிதில் மறைந்துவிடும் என்பதற்கு இதே இருப்புப்பாதையில் ஒரு துயரச் சான்று உண்டு. 2018 ஜூலை 24 அன்று காலை, கடற்கரையிலிருந்து திருமால்பூர் நோக்கிச் சென்ற ரயில் ஒன்று, வழக்கமான பாதையை விட்டு விரைவுப் பாதையில் திருப்பி விடப்பட்டது. வண்டியில் கூட்டம் மிகுதி. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு சென்றோர் பலர். பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த சிமெண்டுச் சுவரில் மோதி, பயணிகள் சிலர் உயிரிழந்தார்கள். வேறு சிலர் காயமுற்றார்கள். படிக்கட்டில் தொங்குவது அவ்வழியில் அன்றுதான் முதன்முறையாக நடந்ததா? இல்லை. ஆண்டுக் கணக்காக நடந்து வந்தது. வழக்கமான பாதையில் உடலுக்கும் சுவருக்கும் இடையே இடம் இருந்தது. பாதை மாறிய அன்று அந்த இடம் இல்லாது போயிற்று. தொங்கியவர்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை, மிச்சம்தான் மறைந்தது. அதற்கு முந்தைய ஆயிரம் பயணங்களையும் நாம் பத்திரமான பயணங்கள் என்றே எண்ணியிருந்தோம். அவை பத்திரமான பயணங்கள் அல்ல, தப்பித்த பயணங்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தையோ, மாவு அரைக்கும் இயந்திரத்தையோ, குளிர்பதனப் பெட்டியையோ தொட்டபோது விரலில் 'சுரீர்' என்று ஓர் உணர்ச்சி. "லேசாக ஷாக் அடிக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு தொடு" என்று வீட்டார் அறிவுரை கூறுகிறார்கள். அந்த வாரமும் போகிறது. அந்த மாதமும் போகிறது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நம் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். உடலில் பாயும் மின்சாரத்தின் அளவு, உடல் அதற்குக் காட்டும் தடையைப் பொறுத்தது. தோல் உலர்ந்து, காலில் ரப்பர்ச் செருப்பும் இருந்தால் தடை மிக அதிகம். 50,000 ஓம் தடை என்று கொண்டால், பாய்வது 5 மில்லியாம்பியருக்கும் குறைவு. அதுதான் 'சுரீர்' என்ற உணர்ச்சி. கை நனைந்து, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் தடை 1,000 ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். அப்போது பாய்வது 230 மில்லியாம்பியர். பத்து, பதினைந்து மில்லியாம்பியரிலேயே தசைகள் இறுகிவிடுவதால், பிடித்த பொருளை விட முடிவதில்லை. அதற்குமேல் ஏறினால் மூச்சுத் திணறும். 50 முதல் 100 மில்லியாம்பியர் அளவில் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. திங்கட்கிழமை 'சுரீர்' என்றதும், வெள்ளிக்கிழமை உயிரைக் குடித்ததும் ஒரே இயந்திரம், ஒரே கசிவு. திங்கட்கிழமை செருப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்த சிறுமி காலைக் கழுவிக்கொண்டு, ஈரக் கையோடு அதைத் தொட்டாள். 'லேசான ஷாக்' என்று ஒன்று கிடையாது, நண்பர்களே. அன்று பாய்ந்த மின்சாரம் குறைவு என்பது உண்மை. ஆனால் கசிவு முழுமையாகவே இருந்தது.

இதற்கு மருந்தும் எளியதே. மூன்று முனைச் செருகியின் மூன்றாம் முனையோடு நிலக்கம்பி, அதாவது 'எர்த்', ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தால், கசியும் மின்சாரம் நம் உடலை நாடாமல் மண்ணுக்குப் போகும். அதோடு மின்கசிவுத் தடுப்புக் கருவி ஒன்றையும் பொருத்த வேண்டும். மின்பணியாளர்கள் அதை ஆர்.சி.சி.பி. என்பார்கள். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று இக்கருவி இடைவிடாது கணக்குப் பார்க்கிறது. 30 மில்லியாம்பியர் குறைந்தாலும், ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. இதயம் நடுங்கத் தொடங்குமுன் வேலை முடிந்துவிடும். ஆனால் இம்மருந்தை வாங்க வேண்டுமானால், முதலில் நோயை யாரேனும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா?

மூன்றாவது எடுத்துக்காட்டைச் சாலையிலிருந்து தருகிறேன். சிட்லபாக்கத்திலிருந்து சற்றுத் தொலைவில், பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ஆரச் சாலை செல்கிறது. 2019 செப்டம்பர் 12 அன்று அச்சாலையில் வைக்கப்பட்டிருந்த ஒரு விளம்பரப் பதாகை சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் மேல் விழுந்தது. நிலை தடுமாறி விழுந்த அவர், பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி உயிரிழந்தார். நாடே வருந்தியது, உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. எண்ணிப் பாருங்கள்: சாலை நடுவே கட்டிய பதாகைகள் காற்றில் சாய்ந்தது எத்தனை முறை? அவற்றின் கீழ் குனிந்தும் ஒதுங்கியும் வண்டி ஓட்டியவர் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் தலைப்பாகையோடு தப்பியவர்தாம். ஒதுங்கியவர் ஒவ்வொருவரும் தம் வழியே போய்விட்டார். பதாகை அங்கேயே நின்றது.

அப்படியானால், தப்பித்தவர் ஏன் எச்சரிக்கை அடைவதில்லை? இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதற்காரணம் துணிவு. ஒருமுறை தப்பித்தவனுக்கு அச்சம் வளர வேண்டும் என்று நினைக்கிறோம். பல வேளைகளில் வளர்வது அச்சமன்று, துணிவே. "நேற்றும் ஒன்றும் ஆகவில்லை, இன்றும் ஒன்றும் ஆகாது" என்று மனம் கணக்குப் போடுகிறது. தோல்விக்கு மிக அருகில் போய் வந்ததை அது வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் ஊழ்நம்பிக்கை. "ஆயுள் கெட்டி" என்ற ஒரு சொல்லால் விசாரணையை முடித்துவிடுகிறோம். நன்றி செலுத்துவது நல்ல பண்பு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் தேங்காய் உடைத்த கையோடு, அறுந்த மின்கம்பியையும் மாற்றலாம் அல்லவா? ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

மூன்றாவது காரணம் வெட்கமும் அச்சமும். படிக்கட்டில் கால் வழுக்கியதை மகன் வீட்டில் சொன்னால் தந்தை அடிப்பார். மோட்டார் விசையில் கை பட்டு அதிர்ந்ததை மகள் சொன்னால், "அங்கே உனக்கு என்ன வேலை?" என்று தாய் சினப்பாள். ஆகவே பிள்ளை சொல்வதில்லை. அதே படிக்கட்டில் நாளை தம்பி நிற்கிறான். அதே விசையில் நாளை தாயே கை வைக்கிறாள். இம்மூன்றில் மிகக் கொடியது இந்த மௌனம்தான் என்பது என் கருத்து.

தப்பித்தல்களுக்கும் விபத்துகளுக்கும் உள்ள உறவை எண்ணிக்கையால் காட்ட முயன்றவர் அமெரிக்க நாட்டு ஹெர்பர்ட் ஹைன்ரிக். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த அவர், தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்து 1931-இல் ஒரு நூலை வெளியிட்டார். நம் தாம்பரம் மின்ரயில் தொடங்கிய அதே ஆண்டு! பெருங்காயம் விளைத்த விபத்து ஒன்று நிகழ்ந்தால், அதே வகையில் சிறு காயம் விளைத்தவை 29 இருக்கும். காயமே இன்றிப் போனவை 300 இருக்கும் என்று அவர் எழுதினார். இந்த எண்கள் எல்லாத் தொழிலுக்கும் ஒன்றுபோல் பொருந்தா என்று பின்வந்த அறிஞர்கள் மறுத்துள்ளார்கள், அம்மறுப்பு நியாயமானதே. எனினும், பெரிய விபத்து திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதில்லை, அதற்கு முன்னே பல தூதர்கள் வந்து போகிறார்கள் என்னும் கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது.

அத்தூதர்களைத் தக்கபடி வரவேற்கக் கற்றுக்கொண்ட துறை ஒன்று உண்டு. தாம்பரத்தில் இந்திய விமானப்படையின் நிலையம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களையே பயிற்றும் பள்ளி அங்கு நடைபெறுகிறது. ஆதலால் சுற்றுவட்டார மக்களுக்கு விமான ஒலி பழக்கமானது. அவ்வொலியைக் கேட்கும்போது, விமானத்துறை பெருவிலை கொடுத்துக் கற்ற ஒரு பாடத்தையும் நினைவுகூரலாம்.

1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் நகருக்கு அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி, டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514 என்னும் எண்ணுள்ள விமானம் வந்துகொண்டிருந்தது. மோசமான வானிலை. இறங்குவதற்கு அனுமதி தரப்பட்டது. அந்த அனுமதிச் சொல்லை விமானிகள் ஒருவிதமாகப் பொருள் கொண்டார்கள். கட்டுப்பாட்டாளர் வேறுவிதமாகப் பொருள் கொண்டிருந்தார். இறங்கக்கூடாத இடத்தில் விமானம் தாழ இறங்கி, மலைமீது மோதியது. அதிலிருந்த 92 பேரும் மாண்டார்கள்.

விசாரணையின்போது நெஞ்சைச் சுடும் உண்மை ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், யுனைடெட் என்னும் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே நிலையத்தை அணுகும்போது, அதே சொல்லை அதே விதமாகப் பொருள் கொண்டு, அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அவர்கள் அதை மறைக்கவில்லை. தம் நிறுவனத்திடம் தெரிவித்தார்கள். நிறுவனமும் தன் விமானிகள் அனைவரையும் எச்சரித்தது. ஆனால் அச்செய்தி மற்ற நிறுவனங்களின் விமானிகளைச் சென்று சேரவில்லை. தலைப்பாகையோடு போன கதை ஒரு வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அடுத்த வீட்டில் தலையே போயிற்று.

இதன் பிறகுதான் 1976-இல் அந்நாட்டில் புதியதோர் ஏற்பாடு தோன்றியது. விமானியோ, கட்டுப்பாட்டாளரோ தாம் தப்பிய கதையைத் தாமே எழுதி அனுப்பலாம். எழுதியவர் பெயர் வெளியே வராது. அறியாமல் செய்த பிழையைத் தாமே தெரிவித்தவர்க்குத் தண்டனையில் சலுகையும் உண்டு. இக்கடிதங்களைப் பெறும் பொறுப்பு தண்டிக்கும் அதிகாரம் கொண்ட துறையிடம் தரப்படவில்லை. நாசா என்னும் விண்வெளி ஆய்வு நிறுவனத்திடம் தரப்பட்டது. பிரம்பைக் கையில் வைத்திருப்பவரிடம் யாரும் உண்மையைச் சொல்லார் என்னும் மனித இயல்பை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அன்று முதல் இன்று வரை வந்து குவிந்துள்ள கடிதங்கள் இலட்சக்கணக்கானவை. அவற்றைத் தொகுத்துப் பார்த்து, குழப்பம் தரும் சொற்களும் வரைபடங்களும் வழக்கங்களும் திருத்தப்பட்டு வருகின்றன.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நம் வீட்டிலும் பள்ளியிலும் இன்றே தொடங்கிவிடலாம். மயிரிழையில் தப்பிய ஒருவர், நெஞ்சப் படபடப்பு அடங்கியதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்க இருந்தது என்ன? என்னைக் காப்பாற்றிய மிச்சம் எது? அந்த மிச்சம் நாளை இல்லாது போனால், யார் அகப்படுவார்? மூன்றாவது கேள்விதான் உயிரானது. ஏனெனில் அதற்கு விடை பெரும்பாலும் 'நான்' என்பதாக இராது. 'தங்கை' என்றோ, 'பக்கத்து வீட்டுக் குழந்தை' என்றோ, 'இருட்டில் வரும் ஒரு வழிப்போக்கர்' என்றோ இருக்கும்.

விடை கிடைத்ததும் அதை உரியவரிடம் சொல்ல வேண்டும். கேட்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. முதல் வாக்கியமாக வசைமொழி கூடாது. "சொன்னது நல்லதாயிற்று" என்பதே பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வர வேண்டும். கண்டிக்க வேண்டிய செயலானால் பிறகு கண்டிக்கலாம். உண்மையைச் சொன்னதற்காகக் கண்டிக்கலாகாது. வகுப்பறையில் ஒரு குறிப்பேடு வைத்து, பெயர் குறிக்காமல், 'இன்ன இடத்தில் இன்னது நேர இருந்தது' என்று மாணவர்கள் எழுதி வரலாம். மாடிப்படியில் உடைந்த விளிம்பு, ஆய்வுக்கூடத்தில் கசியும் எரிவாயுக் குழாய், பள்ளி வாயிலில் பேருந்து பின்னோக்கி வரும் நேரம் என்று பலவும் அதில் இடம்பெறும். ஒரே இடம் மூன்று முறை எழுதப்பட்டிருந்தால், அங்கே வாள் ஓங்கியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தனி மனிதனுக்குக் கூறியது ஊருக்கும் பொருந்தும். ஊர்களும் தலைப்பாகையோடு தப்புவதுண்டு. பெருமழையில் தெருத் தண்ணீர் வாசற்படி வரையில் ஏறி, உள்ளே நுழையாமல் வடிந்துவிட்டால், அவ்வாண்டு தப்பித்தோம் என்று ஊர் மகிழ்கிறது. ஏரியின் போக்குக்கால் அடைந்திருப்பதும், கரையில் குப்பை மலிந்திருப்பதும் அப்படியே இருக்கின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முந்தைய ஆண்டுகளில் நம்மைக் காத்த மிச்சம் அன்று போதவில்லை. தென்சென்னைப் புறநகர்கள் நீரில் மிதந்தன. வீட்டுக்குள்ளிருந்து மக்களைப் படகில் ஏற்றி மீட்க நேர்ந்தது. சிட்லபாக்கத்து மக்கள் இதிலிருந்து ஒரு நல்ல வழியைக் கண்டார்கள். 2019-இல் குடியிருப்போர் பலர் தாமே திரண்டு ஏரியின் குப்பையை அகற்றும் பணியில் இறங்கினார்கள். அதன்பின் அரசும் ஏரியைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டது. வெள்ளம் வடிந்ததும் மறந்துவிடாமல், வந்த வழியைத் தேடிச் சென்ற செயல் அது. பாராட்டத் தக்கது; பின்பற்றத் தக்கது.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளலாகாது. ஒவ்வொரு நொடியும் அஞ்சி அஞ்சி வாழ வேண்டும் என்று நான் கூறவில்லை. அச்சத்தால் அறிவு தடுமாறும். அறிவு தடுமாறினால் ஆபத்து பெருகும். தண்டவாளத்தின் அருகே நடுங்கி நிற்பவனைவிட, மேம்பாலத்தின் மீது பாடிக்கொண்டு நடப்பவனே பாதுகாப்பானவன். வழியைச் சீர்செய்துவிட்டால் கவலையின்றி நடக்கலாம். தப்பித்தலை ஆராய்வது இந்தக் கவலையின்மைக்காகத்தான்.

விபத்து தரும் பாடத்துக்கு விலை ஓர் உயிர். அதே பாடத்தை, அதே எழுத்தில், விலையே வாங்காமல் தந்துவிட்டுப் போகிறது மயிரிழையில் தப்பிய ஒரு நிகழ்ச்சி. படிக்க வேண்டியது நம் கடமை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், பல நாளாக 'சுரீர்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் அந்த இயந்திரத்தைப் பற்றி வீட்டாரிடம் பேசுங்கள்.